கேட்கத் தெரியாத கடன்காரன்

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் சாலையோர வயல்களில் சம்பாக் கதிர் சாய்ந்து நிற்கிறது. அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம். நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஒருவர் இறங்கி, மடியில் கட்டிய துணியிலிருந்து எதையோ அள்ளி வீசிக்கொண்டு போகிறார். வெளியூர்க்காரருக்குக் குழப்பமாக இருக்கும். விளைந்த பயிருக்குள் யாராவது விதைப்பார்களா?

வீசுவது உளுந்து. மண் மெழுகுப்பதத்தில் இருக்கும்போது விதைத்துவிட வேண்டும். கால் பதிய வேண்டும், சேறு ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தண்ணீர் நின்றால் விதை அழுகிப் போகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. அறுப்பு முடிகிறபோது நெல் தாளுக்கு நடுவே இரண்டிலையோடு உளுந்து எழுந்து நிற்கும். உழவு இல்லை, அடியுரம் இல்லை, பாசனமும் பெரும்பாலும் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் மாசிப் பனியும் போதும். 65, 70 நாளில் காய் கறுத்துவிடும். வேளாண் துறை ஏடுகளில் இதற்கு 'நெல் தரிசுப் பயறு' என்று பெயர். தரிசு என்று எழுதிவிட்டு அதில் விளைச்சலையும் கணக்கிடுகிற ஒரே இடம் அநேகமாக இதுதான்.

பங்குனியில் அறுவடைக்கு ஆள் இறங்கும்போது ஒரு சின்னக் கேள்வி வருகிறது. செடியை வேரோடு பிடுங்குவதா, அடியில் அறுப்பதா? வேளாண் அலுவலர் அறுக்கச் சொல்வார். வேரில் முடிச்சு இருக்கிறது, அது மண்ணுக்குப் போகட்டும் என்பார். மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தால் பிடுங்குவது சுலபம், வேகமும்கூட. கூலி கொடுப்பவர் வேகத்தைத்தான் பார்ப்பார். வேர் யாருக்கு என்ற கேள்வி அந்த வரப்பிலேயே சில நிமிஷங்களில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ஒரு பழைய தத்துவக் கேள்வி சுருண்டு கிடக்கிறது. கேட்கத் தெரியாத ஒன்றுக்கு மனிதன் கடன்பட முடியுமா?

தமிழில் 'கடன்' என்ற சொல்லே ஒரு விசித்திரம். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன்தான், செய்தே ஆகவேண்டிய கடமையும் கடன்தான். செத்தவருக்கு நீர்க்கடன் செய்கிறோம், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குகிறோம். 'கடன்காரன்' இன்னும் வேடிக்கை. வாசலில் வந்து நின்று பணத்தைக் கேட்கிறவனும் கடன்காரன், அவனைக் கண்டு கொல்லைப்புறமாக நழுவுகிறவனும் கடன்காரன். யார் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்பதைச் சொல் சொல்லாது. சூழ்நிலைதான் சொல்ல வேண்டும்.

யாருக்கெல்லாம் கடன் என்பதற்கு நம் மரபில் பட்டியல்கள் உண்டு. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று ஐந்து பேரைக் கணக்கில் வைக்கிறது. வேத மரபு பிறக்கும்போதே மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது: ரிஷிகளுக்கு ஓதியும், தேவர்களுக்கு வேள்வி செய்தும், முன்னோருக்குப் பிள்ளை பெற்றும் தீர்க்க வேண்டியவை. இன்னொரு பட்டியலான ஐந்து மகாயக்ஞங்களில் பூத யக்ஞம் என்று ஒன்று வருகிறது. காக்கைக்கும் எறும்புக்கும் வைக்கிற சோறு அது. அத்தனை பட்டியலிலும் தேடிப் பார்த்தால் ஒன்று மட்டும் இல்லை. அந்தச் சோறு விளைந்த வயல்.

நிலத்தை நம் ஆட்கள் மறந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. வேறு ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நிலம் தாய், பூமாதேவி, பொறுமையின் வடிவம். குறளின் பொறையுடைமை அதிகாரமே, தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்குகிற நிலத்தை எடுத்துக்காட்டாக வைத்துத்தான் தொடங்குகிறது. உயர்ந்த இடம்தான். ஆனால் தாயிடம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு அது வசதியான தத்துவம். தாய் என்று சொல்லி வணங்கிவிட்டு, கடன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம்.

நிலத்தைக் கடன்காரனாகவே பார்த்த ஒரு மறைநூல் உண்டு. விவிலியத்தின் லேவியராகமம். ஆறு வருஷம் விதைக்கலாம், ஏழாவது வருஷம் நிலத்துக்கு ஓய்வு என்கிறது அது. ஓய்வு மனிதனுக்கு வாரத்தில் ஒரு நாள். நிலத்துக்கு ஏழில் ஒரு வருஷம். எபிரேய மொழியில் ஷெமிட்டா என்று பெயர். வயலின் ஓரங்களை முழுதாக அறுக்காமல் ஏழைக்கு விடு என்று சொல்வதும் அதே நூல்தான். அதைவிடக் கூர்மையான இடம் 26-ஆம் அதிகாரம். மக்கள் அந்த ஓய்வைக் கொடுக்காமல் ஏமாற்றினால், அவர்கள் நாடுகடத்தப்பட்டுப் போன பிறகு, யாரும் இல்லாத அந்தக் காலத்தில் நிலம் தனக்கு வரவேண்டிய ஓய்வுகளை எல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று அங்கே வருகிறது. பாபிலோனுக்குச் சிறைபோன 70 வருஷத்தை நாளாகமம் இந்தக் கணக்கில்தான் எழுதுகிறது. இதே ஏழாம் வருஷத்தில் மனிதர்களுக்குள் பட்ட பணக்கடன் தள்ளுபடி ஆகிவிடும் என்கிறது உபாகமம். ஆக, மனிதன் மனிதனுக்குப் பட்டது ரத்தாகும்; நிலத்துக்குப் பட்டது வட்டியோடு நிற்கும். இதைவிடக் கண்டிப்பான கணக்கப்பிள்ளையை எந்த மதத்திலும் பார்ப்பது கஷ்டம்.

கண்டிப்பு இருக்கும் இடத்தில் குறுக்குவழியும் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாலஸ்தீனத்தில் குடியேறிய யூத உழவர்கள் ஏழாம் வருஷம் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. 1889-ல் சில ரபிகள் ஒரு வழி கண்டார்கள்: அந்த ஒரு வருஷத்துக்கு நிலத்தை யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றதாக எழுதிவிட்டுப் பயிர் செய்வது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஷெமிட்டா வரை அந்த ஏற்பாடு தொடர்கிறது, எதிர்ப்பும் தொடர்கிறது. சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. பசித்தவன் மண்ணுக்கு எப்படி ஓய்வு கொடுப்பான் என்பது நியாயமான கேள்வி.

உளுந்தும் பயறும் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். ஓய்வுக்கும் விளைச்சலுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதுபோல் அவை ஆசை காட்டுகின்றன: வயலும் சும்மா கிடக்காது, வயிறும் காயாது, மண்ணுக்கும் ஏதோ போகும். நம் வழிபாட்டிலும் அவற்றுக்கு இடம் பெரிது. கோயில்களில் நவக்கிரகத்துக்கு வைக்கிற ஒன்பது தானியத்தை எண்ணிப் பாருங்கள். நெல், கோதுமை, எள் போக மீதி ஆறும் பயறு இனம்: துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, உளுந்து, கொள்ளு. ஒன்பதில் ஆறு. முன்னோர் மண்வளம் அறிந்துதான் இப்படி வைத்தார்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. எது வீட்டில் இருந்ததோ அது சாமிக்குப் போயிருக்கும். ஒன்பதில் ஆறு பயறாக ஒரு வீட்டில் இருந்தது என்பதே அந்த வயல்களைப் பற்றிப் போதுமான செய்தி.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். பயிர் அதற்குள்ளேயே நிற்கிறது, ஆனால் ஒரு துளியும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வாயுவின் இரண்டு அணுக்கள் மூன்று கைகளால் கட்டிக்கொண்டவை, பிரிப்பது லேசல்ல. 1909-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் அதைப் பிரித்துக் காட்டினார். 1913-ல் ஓப்பாவில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பமும் வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் அதற்கு வேண்டும். இன்று கடையில் 266 ரூபாய்க்குக் கிடைக்கிற யூரியா மூட்டை அந்த வழியில் வந்ததுதான். உண்மையான விலை அதைப்போலப் பல மடங்கு. வித்தியாசத்தை அரசு கட்டுகிறது. பதினெட்டு, இருபது டீ குடிக்கிற காசில் மண்ணின் கடனை அடைத்துவிட்டதாக ஓர் உணர்வை அந்த மூட்டை கொடுக்கிறது. இந்த நூற்றாண்டின் பாவமன்னிப்புச் சீட்டு என்று யாராவது சொன்னால் மறுப்பது சிரமம்.

இதே வேலையை உளுந்தின் வேர் சித்திரை வெயிலின் சூட்டைத் தாண்டாமல் செய்கிறது. எப்படி என்று 1886-ல்தான் தெரியவந்தது. ஹெர்மன் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் சுட்டுக் கிருமி நீக்கிய மணலில் பட்டாணி வளர்த்தார், வாடிப்போனது. அதில் கொஞ்சம் வயல்மண் கரைத்த நீரை ஊற்றினார். முடிச்சு விட்டுச் செழித்தது. ஆக, வித்தை செடியுடையது அல்ல, மண்ணில் இருக்கும் நுண்ணுயிருடையது. இரண்டு வருஷம் கழித்து ஹாலந்தின் பையரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார். இன்று வேளாண் விரிவாக்க மையத்தில் ரைசோபியம் என்று பொட்டலத்தில் கொடுப்பது அதுதான். ஆறிய கஞ்சியில் கலந்து விதையோடு பிசறி நிழலில் உலர்த்தி விதைக்கிறார்கள்.

உளுந்துச் செடி ஒன்றை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வேரைக் கழுவி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே சிவப்பு. வேலை செய்கிற முடிச்சு என்றால் இளஞ்சிவப்பாகவாவது இருக்கும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் பயனில்லை. அந்தச் சிவப்பைத் தருவது நம் ரத்தத்தைச் சிவப்பாக்குகிற ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம். முடிச்சுக்குள் ஆக்சிஜன் அளவாக மட்டும் இருக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. கூடினால் நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி செத்துப்போகும். சைவம் அசைவம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், இட்லிக்கு அரைக்கிற உளுந்தின் வேரில் ரத்தத்தின் பங்காளி ஓடியதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பயறு மண்ணுக்குத் தன்னலமில்லாமல் கொடுக்கிறது என்று இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் கேட்கலாம். மழையைப் போலக் கைம்மாறு எதிர்பாராத வள்ளல். குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் தொடங்குகிற அதே எண்ணம். கேட்க இனிமையாக இருக்கிறது. வேருக்குள் நடப்பது வேறு. செடி நுண்ணுயிருக்குச் சர்க்கரை கொடுக்கிறது, ஒரு கிராம் நைட்ரஜனுக்குப் பல கிராம் என்ற விகிதத்தில். நுண்ணுயிர் நைட்ரஜன் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு கொடுக்காமல் இருந்தால்? 2003-ல் டோபி கியர்ஸ் என்ற ஆய்வாளரும் தோழர்களும் சோயா வேரில் இதைச் சோதித்தார்கள். சில முடிச்சுகளைச் சுற்றிக் காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். அந்த நுண்ணுயிர்களால் எதையும் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. செடி என்ன செய்தது? அந்த முடிச்சுகளுக்கு மட்டும் ஆக்சிஜனைக் குறைத்தது. உள்ளே இருந்த உயிர்கள் பெருக முடியாமல் போயின. வேலைக்கு வராதவனுக்குக் கூலி இல்லை என்கிற ஒழுங்கு.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதை இங்கே தலைகீழாகிறது. மன்னன் கொடிக்குக் கொடுத்தான், கொடி கேட்கவில்லை. இந்தக் கொடியோ கேட்டு, கணக்குப் பார்த்து, கொடுக்காதவனை நெருக்கி வாங்குகிறது. இதனால் பயறின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை என்றே தோன்றுகிறது. தன்னலமின்மையை மட்டும் அறம் என்று வைத்தால் உலகத்தில் பாதி நன்மை அறக்கணக்கில் வராது. கொடுத்து வாங்கி நடக்கிற ஒப்பந்தத்திலும் மண் வாழ்கிறது, வயிறு நிறைகிறது. தியாகக் கதை வேண்டும் என்கிற ஆசை கேட்கிறவருடையது. செடிக்கு அது தேவையில்லை.

அதைவிடச் சங்கடமான கணக்கு ஒன்று இருக்கிறது. செடி இழுத்த நைட்ரஜன் மண்ணுக்கா போகிறது? உளுந்தில் சுமார் 24 விழுக்காடு புரதம். புரதத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நைட்ரஜன். ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து எடுத்தால் அதில் 72 கிலோ புரதம், அதாவது 11 கிலோவுக்கு மேல் நைட்ரஜன். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோ சொச்சம். ஆக, அரை மூட்டைக்கு மேல் யூரியாவுக்குச் சமமான சத்தை உளுந்து மூட்டையே வயலிலிருந்து வெளியே கொண்டுபோகிறது. வேரில் மீதமிருப்பது மொத்தத்தில் சிறு பங்கு. முதிர்ந்த செடியில் முடிச்சுகள் பாதி வற்றியிருக்கும். மண்ணுக்குக் கணக்குக் கூட வேண்டுமென்றால் உதிர்ந்த இலையும், காய் உடைத்த பிறகு மிஞ்சும் கொடியும் வயலிலேயே சேர வேண்டும். கொடியையும் வண்டியில் ஏற்றி விற்றுவிட்டால், பயறு போட்டேன், மண் வளமாச்சு என்று சொல்வதில் பெரும்பகுதி நம்பிக்கைதான். போதாக்குறைக்கு, கோடையில் மண்ணில் சேர்ந்த நைட்ரேட்டில் ஒரு பகுதி, குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சி வயலைச் சேறாக்கியதும் மறுபடி வாயுவாகிக் காற்றுக்கே போய்விடுகிறது.

கொடுக்கிறது செடி அல்ல என்றால், கொடுக்கிறவர் யார்? எடுத்ததில் எதையாவது வயலிலேயே விட்டுவிட்டு வருகிற மனிதர்தான்.

முன்பு இப்படி விட்டுவருவதை யாரும் தத்துவமாகச் செய்யவில்லை, வழக்கமே அதைச் செய்துகொண்டது. உளுந்தங்கொடி வீட்டு மாட்டுக்குப் போனது, சாணமாகி எருக்குழி வழியே வயலுக்குத் திரும்பியது. கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். தாளையும் உதிரியையும் மேய்ந்த ஆடுகள் இரவு அந்த வயலிலேயே கிடைபோடும். கிடைக்கு வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். ஆட்டுக்காரருக்குக் கூலி, ஆட்டுக்குத் தீனி, மண்ணுக்குப் புழுக்கை. ஒப்பந்தம் அப்பட்டமாக இருந்தது, அதனால்தான் நின்றது. இன்றைக்கும் கிடை வருகிறது. ஆனால் வீட்டு மாடு போய்விட்ட ஊர்களில் கொடி திரும்பி வரும் வழி அறுந்துவிட்டது.

மண்ணுக்கென்றே முழுதாக ஒரு பயிரை விடுகிற வழக்கமும் உண்டு. தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி. விதைத்து 45 நாளில், பூ எடுக்கிற நேரத்தில் மடக்கி உழுதுவிடுகிறார்கள். வாய்க்கு ஒன்றும் கிடையாது. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரோடு சுற்றிய விவசாயிகளுக்குப் பலதானிய விதைப்பு பழக்கமான பாடம்: தானியம், பயறு, எண்ணெய் வித்து, நறுமணப் பொருள், தழையுரச் செடி என்று ஏறக்குறைய இருபது வகையைக் கலந்து விதைத்து அத்தனையையும் மண்ணுக்கே கொடுப்பது. மகாராஷ்டிரத்தின் ஸ்ரீபாத் தபோல்கர் சொல்லித் தமிழ்நாட்டுக்கு வந்த முறை அது. அந்த உழவைப் பார்த்தவருக்கு வேள்வி நினைவுக்கு வரும். பூத்து நிற்கிற பயிரைக் கண்முன்னே கீழே தள்ளுகிறார்கள்.

சொந்த நிலக்காரர் தள்ளலாம். குத்தகைக்காரர்?

இங்கே தத்துவக் கேள்வி பட்டா சிட்டாவுக்குள் நுழைகிறது. காவிரி டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கணக்கில் கோயில்களுக்கு 4 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. நிலத்தின் உடைமையாளர் சுவாமி. இந்தியச் சட்டம் தெய்வச் சிலையைச் சட்டப்படியான ஆளாக ஏற்கிறது. 1925-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா வழக்கில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஆள் என்றைக்கும் மைனர். வாய் திறந்து கேட்க மாட்டார். அவருக்காக வேறொருவர் கேட்க வேண்டும். ஆக, கேட்கத் தெரியாத ஒன்றுக்குக் கடன்பட முடியுமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. முடியும். குத்தகை பாக்கிக்கு நோட்டீஸ்கூட வரும்.

ஆனால் பாக்கி எல்லாம் நெல் கலத்திலோ ரூபாயிலோதான். ஒரு குத்தகைச் சீட்டிலும், வாங்கியபோது மண் எப்படி இருந்ததோ அப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வரி சாதாரணமாக இருப்பதில்லை. சுவாமிக்கு நெல் கடன் உண்டு. சுவாமியின் மண்ணுக்கு இல்லை. 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தால் நிலைத்துவிட்ட குடும்பங்கள் வயலைத் தங்களுடையதாகவே நினைத்து எரு அடிக்கின்றன, நியாயமாக. வாய்மொழியாக ஒரு வருஷத்துக்கு எடுத்துப் பயிர் செய்கிறவரிடம் 45 நாள் தக்கைப்பூண்டு போடச் சொன்னால், அடுத்த வருஷம் வேறு யாருக்கோ விளைவதற்கு நான் ஏன் டிராக்டர் கூலி கொடுக்க வேண்டும் என்பார். அறமில்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. உறவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைப் பார்த்துத்தான் மனிதன் கடனை உணர்கிறான். அதை மாற்றாமல் மண்தாய் பற்றிப் பிரசங்கம் செய்வது அவர் மேல் சுமையைத் தள்ளிவிடுகிற வேலை.

2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மேகமலை வன நிலம் தொடர்பான ஒரு வழக்கில், இயற்கை அன்னையைச் சட்டப்படியான ஆளாக அறிவித்தது. தெய்வத்துக்கு இருந்த நாற்காலி இயற்கைக்கும் கிடைத்திருக்கிறது. காட்டுக்கும் ஆற்றுக்கும் இது பயன்படலாம். உழுகிற வயலுக்கு? அதற்காக யார் போய்க் கேட்பது, யாருக்கு எதிராக?

ஆப்பிரிக்காவில், வடக்கு மலாவியின் ஏக்வெண்டேனி என்ற ஊரில் இதே முடிச்சை வேறு கையால் அவிழ்க்கப் பார்த்தார்கள். மக்காச்சோளமே சோறு என்றாகி மண் இளைத்துப்போன பகுதி. உரம் வாங்க முடியாத குடும்பங்கள். 2000-ல் அங்கிருந்த ஒரு மிஷன் மருத்துவமனையிலிருந்துதான் வேலை தொடங்கியது, வேளாண் துறையிலிருந்து அல்ல. சத்துக்குறைவால் வரும் குழந்தைகளைப் பார்த்துச் சலித்தவர்கள் அந்த மருத்துவமனைக்காரர்கள். நிலக்கடலையையும் துவரையையும் சேர்த்து விதைக்கச் சொன்னார்கள். கடலை சீக்கிரம் வந்துவிடும், துவரை நின்று நிதானமாக வளர்ந்து இலை கொட்டும். அறுப்பு முடிந்ததும் செடியை எரிக்காமல் அப்போதே மண்ணில் புதைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. புதைக்கிற வேலை யாருக்கு? பெண்களுக்கு. கடலை விற்ற காசு யார் கையில்? பெரும்பாலும் ஆண்கள் கையில். குழந்தைக்கு யார் எப்போது ஊட்டுவது, மாமியார் சொல்வதா மருமகள் சொல்வதா என்பது வரை கூட்டம் போட்டுப் பேசினார்கள், சேர்ந்து சமைத்தும் பார்த்தார்கள். திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் குழந்தைகளின் எடை தேறியதாக 2011-ல் ஆய்வு வெளிவந்தது. மண்ணுக்குக் கடன் என்று அவர்கள் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. யார் வீட்டில் யார் உழைப்பில் அந்தக் கடன் அடைகிறது என்பதைப் பேசினார்கள். தத்துவத்தில் எளிதாக விட்டுப்போகிற கேள்வி அதுதான்.

நம் ஊர்ச் சோற்றுப் பட்டியலிலும் ஒரு விடுபடல் உண்டு. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசியையும் கோதுமையையும் சிறுதானியத்தையும் உரிமையாக்கியது, பருப்பை ஆக்கவில்லை. தமிழ்நாடு 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் மலிவு விலைக்குத் துவரம்பருப்பு கொடுத்துவருகிறது. அதற்குக் கனடாவின் மஞ்சள் பருப்பு வாங்கிய வருஷங்களும் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெதியோனின் குறைவு, அரிசியில் இருக்கிறது. இட்லி மாவில் நாலுக்கு ஒன்று என்று உளுந்தைச் சேர்த்த பாட்டிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. அந்த நாலுக்கு ஒன்று வயலிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நெல்லின் மாதங்களுக்குப் பின்னால் உளுந்தின் இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதமும் இப்போது தள்ளாடுகிறது. அறுப்புக்கு ஆள் இல்லை, இயந்திரம் வருகிறது. ஈர வயலில் இறங்குவது செயின் வண்டி. நெல்லுக்குள் முளைத்து நிற்கும் உளுந்துக் குருத்தை அது இரண்டு பட்டையாக நசுக்கிக்கொண்டே போகும். சிலர் வண்டி போன பிறகு விதைக்கிறார்கள். அதற்குள் பதம் போய்விடுகிறது. சிலர் கூடுதலாக விதைத்து, நசுங்கினது போக மிஞ்சினது போதும் என்று விடுகிறார்கள். சிலர் விட்டே விட்டார்கள். மஞ்சள் தேமல் வந்த வருஷம் போட்டவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

பங்குனி முடியும்போது களிமண் இறுகி வெடிப்பு விழத் தொடங்கும். ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்களா என்று டீக்கடையில் பேச்சு எழும்பும். கறுத்த காயோடு செடிகள் நிற்க, பெண்கள் வரிசை பிடித்து இறங்குகிறார்கள். அறுக்கச் சொன்னாரா பிடுங்கச் சொன்னாரா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கை செடியைப் பற்றி இழுக்கிறது. மண் விடவில்லை. செடி கழுத்தில் ஒடிந்து கையோடு வருகிறது; வேர் வெடிப்புக்குள் நின்றுவிடுகிறது.